நாற்பத்தொன்றாம் எண் கல்

கார்த்தி, ராணி, உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் பழைய மாணவர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கல்லூரியில் விழா வைக்கிறோம், உங்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், கட்டாயம் வர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"பத்தாவது படிச்ச மனுசன் காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தாருன்னு அம்புட்டுப் பேரும் பேசுறாக. போய் ஒரு சால்வைய வாங்கிட்டு வந்தா என்னப்பா குறைஞ்சு போவீங்க?" என்று ராணி கேட்டாள். "அப்பாவுக்கு வீம்பு" என்றான் கார்த்தி.

வீம்பு இல்லை. பதில் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

நான் அந்தக் கல்லூரியில் ஜியாலஜி துறைக்கு அட்டெண்டராகச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர் இப்ராஹிம் பாய். ஓய்வு பெற அவருக்கு ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதம்தான் என் படிப்பு. ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்பதில் ஆரம்பித்து, கல்லின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, அது காய்ந்தபின் மேலே கறுப்பு மையால் எண் எழுதுவது வரை அவர் கற்றுக் கொடுத்தார். பரீட்சைக்கு முன்னால் எல்லாக் கற்களையும் கழுவ வேண்டும். வருடம் முழுக்கப் பிள்ளைகள் வேர்வைக் கையோடு தூக்கிப் பார்த்து, கல் எல்லாம் பிசுக்கேறிப் போயிருக்கும். "சோப்புப் போட்டு, பழைய பல்லு பிரஷ்ஷால நல்லாத் தேய்ங்க தம்பி. உப்புக் கல்ல மட்டும் தண்ணியில காட்டிராதீங்க, கரைஞ்சிரும்" என்று பாய் சொன்னார். அதை நான் வேதம் மாதிரி வைத்துக்கொண்டேன்.

துறைத் தலைவர் சீனிவாசன் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவர் மேசைக்கும் என் ஸ்டூலுக்கும் பத்தடிதான் இருக்கும். ஆனாலும் ஒரு துண்டுக் காகிதத்தில், "மூன்றாவது பீரோ மேல் தூசி. பார்க்கவும்" என்று எழுதி மேசை ஓரத்தில் வைப்பார். நான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். துடைத்து முடித்தபின் அந்தக் காகிதத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதில் ஒரு டிக் அடித்துக் கம்பியில் குத்திவிடுவார்.

ஆனால் கல்லைப் பார்க்கிற விதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கறுப்புக் கயிற்றில் லென்ஸ் கழுத்தில் தொங்கும். உடனே அதை எடுக்க மாட்டார். முதலில் கல்லை இடது உள்ளங்கையில் வைப்பார். கண்ணை லேசாக மூடி, கையை ஒருமுறை ஏற்றி இறக்குவார். கனம் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் கண் திறக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளிடம், "தூக்கிப் பாத்துட்டு அப்புறம் கண்ணால பாருங்க" என்று சொல்வார். எனக்கு அது மனத்தில் நின்றுவிட்டது.

அந்தத் துறையில் செய்முறை வகுப்பு எடுக்க வேண்டிய டெமான்ஸ்ட்ரேட்டர் பதவி ரொம்ப நாள் காலியாகவே கிடந்தது. சார் பத்து நிமிடம் பேசிவிட்டு அறைக்குப் போய்விடுவார். முப்பது பிள்ளைகளும் முப்பது தட்டும் நானும் இருப்போம். அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், நான் சொல்ல ஆரம்பித்தேன். நகத்தால் கீறு. கீறல் விழுந்தால் ஜிப்சம் மாதிரி மெதுவான கல். நகத்துக்கு விழாமல் பழைய செப்புக் காசுக்கு விழுந்தால் கால்சைட். கத்திக்கும் மசியாமல் கண்ணாடியையே கீறினால் குவார்ட்ஸ். வெள்ளையாக இரண்டு கல் இருந்தால் ஒரு சொட்டு ஆசிட் விடு, பொங்கினால் கால்சைட். மெருகில்லாத பீங்கான் வில்லையில் தேய்த்து என்ன நிறத்தில் கோடு விழுகிறது பார். கல் கறுப்பாக இருக்கும், கோடு ரத்தச் சிவப்பாக விழும், அது ஹெமடைட். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது இல்லை. சார் பேசும்போது தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டது.

பிள்ளைகள் 'கல் வாத்தியார்' என்று பெயர் வைத்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அந்தக் கல்லுக்கு வருகிறேன்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம். இன்னும் தற்காலிகப் பணிதான். கார்த்திக்கு ஒரு வயது, ராணி உங்கள் அம்மா வயிற்றில். பரீட்சைக்கு முந்தின வாரம் கற்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றாம் எண் மாலிப்டினைட். கட்டைவிரல் அளவு இருக்கும். ஈயம் போலச் சாம்பல் நிறம், வழுவழுப்பு, கையில் அப்பிக்கொள்ளும். நன்றாகச் சுத்தமாக வரட்டும் என்று சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். ஏடு ஏடாகப் பிரிந்தது. பயந்து போய் இன்னும் இறுக்கிப் பிடித்தேன், கையிலேயே உதிர்ந்து தொட்டிக் குழாயில் போய்விட்டது. வடிகட்டியில் விரலை விட்டுத் துழாவினேன். மினுமினு என்று கொஞ்சம் செதிள்தான் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த ஒரு கல்தான் இருந்தது. வேறு இல்லை. ஒவ்வொரு மே மாதமும் சார் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு எண்ணை வாசிப்பார், நான் கல்லை எடுத்துக் காட்ட வேண்டும், அவர் சிவப்புப் பென்சிலால் டிக் அடிப்பார். பாய்க்கு ஒருமுறை ஒரு கல் குறைந்து மெமோ வந்த கதையை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். நிரந்தரப் பணியாளர், மெமோவோடு தப்பித்தார். என்னை 'நாளைக்கு வர வேண்டாம்' என்று சொல்லிவிட ஒரு துண்டுக் காகிதம் போதும்.

மூலையில் ஒரு சாக்கு நிறைய கிராபைட் கிடந்தது. சிவகங்கைப் பக்கம் டூர் போனபோது பிள்ளைகள் அள்ளி வந்தது. அதுவும் சாம்பல் நிறம், அதுவும் வழுவழுப்பு, அதுவும் கையில் அப்பும். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அளவாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெள்ளைப் பொட்டு வைத்து, காய்ந்தபின் 41 என்று எழுதினேன். ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து அதன்மேல் கிடத்தி, 'உதிரும். தொடக் கூடாது' என்று சீட்டும் ஒட்டினேன். மே மாதம் சார் "நாற்பத்தொன்று" என்றார். டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். டிக் அடித்தார்.

ஏழு வருடம் அந்தக் கிராபைட் மாலிப்டினைட்டாக இருந்தது. பரீட்சையில் எண்ணைக் காகிதம் ஒட்டி மறைத்துத்தான் வைப்போம். ஆனால் பிள்ளைகளுக்கு எண் எதற்கு? மூலை உடைந்தது ஜிப்சம், பெயிண்ட் சிந்தினது பாரைட், பஞ்சில் படுத்திருப்பது மாலிப்டினைட் என்று சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர் நோட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ஏழு வருடமும் ஒருத்தனைத் தவிர எல்லாரும் மாலிப்டினைட் என்று எழுதினார்கள். எழுதினவர்களுக்கெல்லாம் மார்க் விழுந்தது. நம் வீட்டுக்குப் பொன்னாடை பேச வந்த நான்கு பேரில் மூன்று பேர் அப்படி எழுதினவர்கள்தான்.

மலைச்சாமி வந்து சேர்ந்தது அந்த ஏழில் ஐந்தாவது வருடம். மேலூர்ப் பக்கத்து ஆள். பன்னிரண்டாவது முடித்து மூன்று வருடம் கிரானைட் குவாரியில் டிரில் மிஷின் பிடித்துவிட்டுப் பிறகு கல்லூரிக்கு வந்தவன். மற்றவர்களைவிட மூத்தவன், மீசை எல்லாம் கனமாக இருக்கும். "மாப்ள, நீ சார் வர்ற மாதிரியே வார. எந்திரிச்சு வணக்கம் சொல்லப் பாத்தேன்" என்று பிள்ளைகள் ஓட்டுவார்கள். அவன் சிரித்துவிட்டு உட்காருவான். அவன் அப்பாவுக்கு டிரில் தூசியிலேயே நெஞ்சு போய்விட்டது. நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவாராம். "குவாரிக்குத் திரும்பிப் போனா நோட்டும் பேனாவும் வச்சுக்கிட்டுத்தாண்ணே போவேன். மிஷினத் தொட மாட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

ஒருமுறை சார் வகுப்பை மேலூர்க் குவாரிக்குக் கூட்டிப்போனார். மேல் மண்ணை எப்படி அள்ளுகிறார்கள், பாறையைப் படிப்படியாக எப்படி வெட்டி இறக்குகிறார்கள், வரிசையாகத் துளை போட்டு எப்படிப் பிளக்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து மலைச்சாமி, "சார், அங்கன நிக்காதீக. இங்கிட்டு வாங்க" என்றான். சார் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே வெடிப்பு விட்ட ஒரு பாளம் துருத்திக்கொண்டிருந்தது. நகர்ந்து நின்று, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். பஸ்ஸில் திரும்பும்போது, "அவன் கல்லைப் பாக்கத் தெரிஞ்சவன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். என்னிடம்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

அவன் நோட்டைப் பார்க்க மாட்டான். கல்லைத் தூக்குவான், கீறுவான், தேய்ப்பான், நாக்கில்கூட வைப்பான். ஒருநாள் கேட்டான்.

"அண்ணே, கிராபைட்டும் மாலிப்டினைட்டும் ஒண்ணு போலயே இருக்குங்குறாக. எப்படிண்ணே பிரிக்கிறது?"

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்ததைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. "தூக்கிப் பாருப்பா. மாலிப்டினைட்டு ரெண்டு மடங்கு கனம் இருக்கும். மெருகு உள்ள பீங்கான்ல தேய்ச்சா அதுக்குக் கோடு லேசாப் பச்சை அடிக்கும். கிராபைட்டு வெறுங் கறுப்புத்தான்" என்றேன்.

"எங்க, அந்தப் பஞ்சுல இருக்கதக் குடுங்க, தேய்ச்சுப் பாக்குறேன்."

"அது உதிரும்பா. சீட்டு ஒட்டியிருக்குல்ல."

"தொடக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குண்ணே லேப்புல வச்சிருக்கீக, கோயில் உண்டியலா?" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசி வருடம் அவனுக்கு ஒரு வேலை வந்தது. தெற்கே ஒரு சிமெண்ட் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சாம்பிள் எடுத்துச் சோதிக்கிற வேலை. நேரில் பார்த்துப் பேசி, கையில் கல் கொடுத்துக் கேட்டு, எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதம் பாஸ் செய்த சான்றிதழோடு வர வேண்டும், அதுதான் நிபந்தனை.

அந்த வருடச் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கெடுபிடியான மனுசன். வழக்கமாக, ஒவ்வொருவரும் சீட்டு எடுத்து விரிவாக எழுத வேண்டிய கற்களை நான்தான் தேர்ந்து வைப்பேன். நாற்பத்தொன்றை வைக்க மாட்டேன். தூரத்தில் இருந்து பார்த்துப் பெயர் மட்டும் எழுதுகிற வரிசையில்தான் அது போகும். அன்றைக்கு அவர் பீரோவைத் திறக்கச் சொல்லித் தானே கற்களை எடுத்தார். டப்பாவையும் எடுத்தார். "சார், அது உதிரும்" என்றேன். "எழுதுறவன் பாத்துத் தொடட்டும்" என்றார். அப்போதே சீனிவாசன் சார் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடிதான். நான் ஆசிட் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்று மலைச்சாமிக்கு விழுந்தது.

நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, உள்ளதைச் சொல்கிறேன். அவன் நோட்டில் உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் அவன் அந்த ஒரு மணி நேரத்துக்கு மறந்துவிட வேண்டும் என்று வேண்டினேன்.

அவன் கல்லைத் தூக்கினான். இடது உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினான். இன்னொரு முறை பார்த்தான். மெருகுள்ள பீங்கான் துண்டு கேட்டு வாங்கினான். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேய்த்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு தலை நிமிராமல் எழுத ஆரம்பித்தான்.

தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது என்ன கல்லு?"

"கிராபைட்டு சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன் சார். கனம் இல்ல. கோடு கறுப்பாத்தான் விழுகுது, பச்சை அடிக்கல."

"பச்சை அடிக்கணும்னு யார் சொன்னா?"

மலைச்சாமி என்னைப் பார்த்தான். என் பெயரைச் சொல்லவில்லை. "லேப்புல சொல்லிக் குடுத்தாக சார்" என்றான்.

தேர்வாளர் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. சீனிவாசன் சாரைக் கூப்பிட்டார். சார் வந்தார். டப்பாவிலிருந்து கல்லை எடுத்தார், இடது உள்ளங்கையில் வைத்தார். கண்ணை லேசாக மூடினார். கை ஒருமுறை ஏறி இறங்கியது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடமாக அந்தக் கையைப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? கண் திறந்ததும் கல்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். லென்ஸை எடுக்கவே இல்லை. ஏழு வருடம் ரெஜிஸ்டரில் விழுந்த சிவப்பு டிக் எல்லாம் அவர் போட்டது. ஏழு வருடம் அந்தக் கல்லுக்கு விழுந்த மார்க்கும் அவர் போட்டது. கல்லைப் பஞ்சு மேல் வைத்து மூடினார்.

"ரெஜிஸ்டர்ல மாலிப்டினைட்னுதான் இருக்கு" என்றார்.

அது பொய்யும் இல்லை. ரெஜிஸ்டரில் அப்படித்தான் இருந்தது.

அந்த ஒரு கல்லுக்குத்தான் மார்க் அதிகம். பெயர் தப்பு என்றால் எங்கே கிடைக்கும், எதற்குப் பயன்படும் என்று அவன் எழுதினது முழுக்கத் தப்பு. தேர்வாளர் குறுக்கே கோடு போட்டார். நான் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். "சார், நான்தான் மாத்தி வச்சேன்" என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். நிரந்தர உத்தரவு வந்து எனக்கு அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது, என்னை யாரும் உடனே வெளியே அனுப்பியிருக்க முடியாது. அப்படியும் சொல்லவில்லை. பயம் பழகிப் போனால் காரணம் போனபிறகும் போகாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வராந்தாவில் மலைச்சாமி எனக்காக நின்றான்.

"அண்ணே, நீங்கதான சொன்னீக?"

"பரீட்சையில அவுக சொல்றதுதாம்ப்பா சரி" என்றேன். "நோட்டுல இருந்தத எழுதியிருக்கலாம்ல."

"நோட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதாண்ணே? கல்லு அது இல்லையே."

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். டிரில் பிடிப்பதற்கு முன்னால் பாறையைப் பார்ப்பது போல் பார்த்தான். அப்புறம், "சரிண்ணே, மாட்டுத்தாவணில அஞ்சரை வண்டியப் பிடிக்கணும். வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் சொல்லிக் கொடுத்ததை அத்தனை வருடத்தில் முழுக்க நம்பினது அவன் ஒருத்தன்தான்.

மே மாதம் இருப்புச் சரிபார்ப்பு வந்தது. சார் "நாற்பது" என்றார், காட்டினேன். அடுத்த எண்ணை வாசிக்கவில்லை. பேனாவை எடுத்து நாற்பத்தொன்றுக்கு நேராக எதையோ எழுதினார், கையெழுத்துப் போட்டார். "நாற்பத்திரண்டு" என்றார். அவர் எழுந்து போனபின் பார்த்தேன். 'உதிர்ந்து சேதமானது. நீக்கப்பட்டது.' அவ்வளவுதான். ஒரு வரி. மெமோ இல்லை, கேள்வி இல்லை. நான் ஏழு வருடம் எதற்குப் பயந்தேனோ அது அரை நிமிட வேலை.

அதன்பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில்கூட அவர் அந்தக் கல்லைப் பற்றி எழுதவில்லை. ஓய்வு பெறுகிற அன்று எனக்குக் கை கொடுத்தார். அவரும் நானும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் நல்லபடியாக வேலையை முடித்தோம்.

செய்முறையில் தவறினவர்கள் அடுத்த வருடம் வந்து எழுதலாம் என்று விதி உண்டு. மலைச்சாமி வரவில்லை. சிமெண்ட் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. திரும்பக் குவாரியில் மிஷின் பிடிக்கிறான் என்று அவனோடு படித்தவன் ஒருத்தன் சொன்னான். பார்க்கப் போக வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். மேலூர் என்ன, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். போகவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன், அந்தப் பொன்னாடையை நான் எந்தத் தோளில் வாங்குவது?

அந்த ஜூன் மாதம் ரிசல்ட் வந்த அன்று நடந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. பாஸ் ஆனவர்களின் எண்களை டைப் அடித்து ஆபீஸ் வாசலில் கம்பி வலை போட்ட பலகையில் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். சாயங்காலம் பலகையைப் பூட்டி வைக்கும் முறை அன்றைக்கு எனக்கு. வளாகத்தில் ஆள் இல்லை. வலைக் கதவைத் திறந்து விரலை வைத்து ஜியாலஜி வரிசையில் இறங்கினேன். அவனுக்கு முந்தின எண் இருந்தது, பிந்தின எண் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி எழுதுகிற அளவுக்கு இடம் இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த இடுக்கில் அவன் எண்ணை எவ்வளவு சின்னதாக எழுத முடியுமோ அவ்வளவு சின்னதாக எழுதினேன். மை காய்கிற வரைக்கும் நின்றேன். பிறகு கதவைப் பூட்டி, சாவியை ஆபீசில் மாட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.